ஆவும் ஆடும்

தேர்வு அணுகுந்தோறும் மாணவர்க்கு அறிவுரை மிகுதல் இயல்பு. கைப்பேசியை விடுதிக் காப்பாளரிடம் ஒப்புவிக்க, அறைக்கதவைத் தாழிடுக, நண்பரை விலக்குக என மூத்தோர் கூறுவர். அவர்தம் அன்பினை யாம் ஐயுறுகின்றிலேம். ஆயினும், அவ்வறிவுரை நோயின் ஒரு கூற்றையே நோக்கிற்று என்பது எம் கருத்து. மனச்சிதறலாகிய இந்நோய், படிக்கும் பொழுதினும் படித்து முடித்த பொழுதிலேயே பெருங்கேடு விளைக்கின்றது. அஃது எங்ஙனம் என்பதைக் கூறுவாம்.

13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், அதன் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரைத் தலை, இடை, கடை என வகுத்து, அன்னம் முதல் நெய்யரி ஈறாக எட்டு உவமைகள் கூறினார். எருமையும் ஓட்டைக்குடமும் போல்வார் எவ்வகுப்பினும் உளர், அவரை ஈண்டு விடுவோம் (எம் வகுப்பினர் சினவாதிருப்பாராக!). எமக்கு வேண்டுவன ஆவும் ஆடுமே. ஆடு, தழை நிறைந்த இடத்து விடப்படினும் ஒரு செடியில் நின்று மேயாது. இங்கொரு நுனியும் அங்கொரு நுனியும் கடித்து ஓடும். கைப்பேசித் திரையை விரலால் தள்ளித் தள்ளி, அரை நிமிடத்திற்கு ஒரு காட்சியாக நள்ளிரவளவும் மேய்வாரைக் காணுங்கால், அவ்வுவமை நேற்றுச் செய்ததோ என எண்ணத் தோன்றுகின்றது.

ஆவின் செயலோ இரு கூறுடையது. புல் மிக்க இடங்கண்டால் வயிறார மேயும். பின்னர் ஓரிடத்திற் படுத்து, மேய்ந்ததனை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து மெல்லும். ஆடும் அசைபோடும் விலங்கன்றோ என விலங்கியல் பயிலும் நண்பர் எம்மை மறுப்பர். உண்மையே, ஆட்டுக்கு உவமை அதன் மேய்ச்சல் பற்றியே வந்ததென்க.

அசைபோடுதற்கு முன்னெல்லாம் பொழுது தானே வாய்த்தது. வகுப்பினின்று விடுதிக்கு நடக்கும் வழி, பேருந்துக்குக் காத்துநிற்கும் கால் மணி, உணவுக்கு வரிசையில் நிற்கும் நேரம், விளக்கணைத்தபின் உறக்கம் வருமளவும் கிடக்கும் நேரம் ஆகிய இவற்றை எவரும் கால அட்டவணையில் எழுதியதில்லை. காலையிற் கேட்டபோது குழப்பிய வேற்றுமை மயக்கம் மாலையில் தானே தெளிவது பெரும்பாலும் இத்தகைய பொழுதுகளிலேயாம். இன்று அவ்விடைவெளிகள் யாவற்றையும் கைப்பேசி கைக்கொண்டது. படிப்பு நேரத்தில் அதனைப் பூட்டி வைத்து, மணி அடித்தவுடன் திருப்பித் தருதல், வயிறார மேய்ந்த பசுவைப் படுக்கவிடாது அக்கணமே ஆட்டு மந்தையோடு ஓட்டுதலை ஒக்கும்.

இது வெறும் உவமையளவில் நிற்பதன்று. 2006ஆம் ஆண்டில் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் அமெரிக்க உளவியலறிஞர் இருவர் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். உரைநடைப் பகுதியொன்றை ஒரு சாரார் மீண்டும் மீண்டும் படித்தனர். மற்றொரு சாரார் படித்தபின் அதனைப் பாராது நினைவிற் கொணர்ந்து எழுதினர். 5 நிமிடங் கழித்துச் சோதித்தபோது முன்னவரே விஞ்சினர். ஒரு வாரங் கழித்துச் சோதித்தபோதோ, நினைந்து எழுதியவரே மிகுதியாகக் கூறினர்.

இனி, கைப்பேசியை அறவே எறிக என்பார்க்கும் யாம் உடன்படேம். உரையோடு கூடிய தொல்காப்பியத்தை விலை கொடுத்து வாங்க இயலாதார் எம்மிற் பலர். 1998இல் தொடங்கித் தன்னார்வலர் உழைப்பால் நடைபெறும் மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் அவர்க்கு அக்கருவி வழியாகவே கிட்டுகின்றன. தம் குடும்பத்தில் முதன்முதற் கல்லூரி கண்டாரும், வீட்டிற் படிப்பதற்குத் தனியறை இல்லாதாரும் எம்முள் உளர். நூலும், நூலினின்று ஈர்ப்பதும் ஒரே கருவியில் உறைவதே இடர். படிக்குங்கால் செய்தி வரும் வாயிலை அடைத்துக்கொள்ளுதல் அரிதன்று. அதனை எவரும் அறிவர்.

நண்பரை விலக்குக என்பதோ நன்னூலுக்கே மாறாம். ஆசிரியர் உரைத்ததனை நன்கு கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்பங்கே. உடன் கற்பாரோடு பயிலுதலால் மற்றொரு காற்பங்கும், பிறர்க்கு உரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என அந்நூல் கணக்கிடுகின்றது. எனவே, தாழிட்ட அறையுள் அமர்ந்தவன் தன் கல்வியின் முக்காற் பங்கினைக் கதவுக்கு வெளியே நிறுத்தினான் ஆவன்.

எம் விடுதியில் மாலைப் படிப்பு நேரம் இரண்டு மணி. அதனை ஒன்றே முக்காலாகக் குறைத்து, எஞ்சிய கால் மணியில் நூலையும் கைப்பேசியையும் அறையிலேயே வைத்துவிட்டு, இருவர் இருவராக முற்றத்தில் உலவி, அன்று கற்றதனை ஒருவர்க்கொருவர் உரைத்துக்கொள்ள இசைவளிக்குமாறு காப்பாளரை வேண்டுகின்றோம். பேச்சொலி எழும், சிறிது அரட்டையும் புகும். ஒரு பருவம் மட்டும் இதனை நடத்திப் பார்க்கலாம். பயன் காணாவிடின் பழைய மணியையே அடிக்கட்டும்.