கர்ப்பிணிக்கு அரிப்பு: எது சாதாரணம், எது ஆபத்து?

கியா பார்ம் குளிருக்கு வெந்நீர்க் குளியலும் கம்பளிச் சட்டையும் இல்லாமல் முடியாது. ஆனால் தாய்மார்களே, கர்ப்ப கால அரிப்பை அதிகமாக்குவதும் இவை இரண்டும்தான்!

கடைசி மூன்று மாதங்களில், விரிந்த வயிற்றின் வரித் தழும்புகளில் சிவந்த தடிப்புகள் கிளம்புவதுண்டு. தலைப்பிரசவத்தில் இது அதிகம். குழந்தைக்குத் தீங்கில்லை, பிரசவத்துக்குப் பின் தானே மறைந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளித்து, ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். கம்பளிக்குள் பருத்திச் சட்டை அணியுங்கள். அரிக்கும் இடத்தில் ஈரத்துணி போடலாம், காலமைன் பூசலாம்.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். தடிப்பே இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் தூங்கவிடாமல் அரித்தால், கல்லீரலில் பித்தநீர் தேங்குவதன் அடையாளமாக இருக்கலாம். கண் மஞ்சளிக்காமலும் இது வரும். பித்தம் இரத்தத்தில் மிக அதிகமானால் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிடவும் கூடும்.

ஆகவே, "சூட்டு அரிப்புதான்" என்று கஷாயம் குடித்துக் காத்திருக்க வேண்டாம். ஒரு நாள் சம்பளம் போகிறதே என்றும் பார்க்க வேண்டாம். மறுநாளே கிளினிக்குக்குப் போய் இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். குழந்தையின் துடிப்பு குறைந்தாலோ, விடியும்வரைகூடக் காத்திராமல் தானா ராத்தா மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.