போஸ்டர் ஒட்டினால் போதுமா?

எங்காவது ஒரு பெண்ணுக்குக் கொடுமை நடந்தால் மறுநாளே போஸ்டர் ஒட்டுகிறோம். 'தூக்கில் போடு' என்று தொண்டை வறளக் கோஷமிடுகிறோம். சரி, நடக்கும் முன் தடுக்க என்ன செய்தோம்?

குற்றவாளி இருட்டில் பதுங்கியிருக்கும் அந்நியன் என்றே நினைக்கிறோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். பதிவான வன்புணர்வு வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவன் அவளுக்குத் தெரிந்தவன்! உறவினன், பக்கத்து வீட்டுக்காரன், வேலை கொடுத்த முதலாளி!

'பெண்ணை வீட்டோடு வை' என்பவர்களே! தெரிந்தவன் வீட்டுக்குள்ளும் வருகிறானே, என்ன செய்வீர்கள்?

வணிகப் பெருமக்களே! கடையில் பத்துப் பேர் வேலை செய்தாலே உள்ளகப் புகார்க் குழு அமைக்கச் சொல்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப்பேராவது பெண்கள். தவறினால் அபராதம் 50,000 ரூபாய் வரை. பத்துக்குக் குறைந்த கடையா? மாவட்டக் குழுவிடம் புகார் செய்யலாம். இதைக் கல்லாவுக்கு மேல் எழுதி மாட்டியிருக்கிறீர்களா?

இளைஞர்களே! குடோனில் ஒருவன் ஆபாசமாகப் பேசுகிறான், நான்கு பேர் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு தரும் துணிச்சலில்தான் நாளை அவன் கை நீள்கிறது. முதல் பேச்சிலேயே தடுங்கள்!

ஜமாஅத்தும் வணிகர் சங்கமும் இந்த மாதமே கூடட்டும். ஒவ்வொரு கடையிலும் குழு அமையட்டும். போஸ்டருக்கே வேலை இல்லாமல் போகட்டும்!