பொம்மைகளை அகற்றிய அருங்காட்சியகம்



ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீசப்பட்டு 2025 ஆகஸ்ட் 6 அன்று 80 ஆண்டுகள் நிறைவடைந்தன. அதே ஆண்டு மார்ச் மாதக் கணக்குப்படி, ஹிரோஷிமா, நாகசாகி குண்டுவீச்சுகளில் உயிர்தப்பி இன்னும் வாழ்வோரின் எண்ணிக்கை முதன்முறையாக ஒரு இலட்சத்திற்கும் கீழே, 99,130 ஆகக் குறைந்தது. அவர்களின் சராசரி வயது 86. இன்னும் சில ஆண்டுகளில், "நான் அங்கே இருந்தேன்" என்று சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள். பிறகு அந்த நாளைப்பற்றிப் பேசும் பொறுப்பு, அந்நகரின் அமைதி நினைவு அருங்காட்சியகத்தைச் சேரும். அது எப்படிப் பேசவேண்டும்? ஹிரோஷிமா மக்கள் இதைப்பற்றிப் பல ஆண்டுகள் வாதாடியிருக்கிறார்கள்.

1955-இல் திறக்கப்பட்ட இந்த அருங்காட்சியகத்தில், 1973 முதல் மெழுகுப் பொம்மைகள் சில வைக்கப்பட்டிருந்தன. பின்னர் அவை பிளாஸ்டிக் பொம்மைகளாக மாற்றப்பட்டன. எரியும் நகரத்தின் செந்நிறப் பின்னணியில், கைகளை முன்னே நீட்டி, உரிந்த தோல் தொங்க நடந்துவரும் மனிதர்கள்! பள்ளிச் சுற்றுலாவில் வந்த குழந்தைகள் பயந்து அழுததுண்டு. பார்வையாளரை நிகழ்வின் நடுவிலேயே கொண்டு நிறுத்தும் காட்சியமைப்புக்கு இது அந்நாளைய எடுத்துக்காட்டு.

இவற்றை அகற்றப்போவதாக 2013-இல் செய்தி வந்ததும் எதிர்ப்பு எழுந்தது, கையெழுத்துகள் திரட்டப்பட்டன. கொடுமையைக் காட்டாமல் மறைத்தால் குழந்தைகளுக்கு எப்படிப் புரியும் என்று கேட்டனர். அது நியாயமான கேள்விதான். ஆனால் உயிர்தப்பியோர் சிலர் வேறொன்று சொன்னார்கள்: நாங்கள் கண்டது இதைவிடக் கொடியது, இந்தப் பொம்மைகள் அதைக் குறைத்துக் காட்டுகின்றன. கோரம் மிகையாகிவிட்டது என்பதல்ல அவர்கள் குறை. எந்தப் பொம்மையும் அந்த நாளுக்கு ஈடாகாது என்பதே. 2017 ஏப்ரலில் பொம்மைகள் அகற்றப்பட்டன. 2019 ஏப்ரலில் முதன்மைக் கட்டடம் புதிய அமைப்போடு திறக்கப்பட்டது.

இன்று அங்கே இருப்பவை இறந்தோரின் உடைமைகள். தீத்தடுப்பு வெளி உண்டாக்க வீடுகளை இடிக்கும் வேலைக்கு அன்று காலையில் அனுப்பப்பட்ட 12, 13 வயது மாணவர்களின் கிழிந்த, கருகிய சீருடைகள் மங்கிய வெளிச்சத்தில் இருக்கின்றன. அப்படி வேலைக்குச் சென்றவர்களில் ஏறத்தாழ 6,000 பேர் மடிந்தனர். இன்னொரு பக்கம் துருப்பிடித்த மூன்றுசக்கர வண்டி ஒன்று. நான்கு வயது நிரம்பாத சிறுவன் அதை ஓட்டிக்கொண்டிருந்தபோது குண்டு வெடித்தது, அன்றிரவே இறந்தான். அவ்வளவு சின்னப் பிள்ளையைத் தனியே கல்லறையில் விட மனம் வராத தந்தை, வீட்டு முற்றத்திலேயே வண்டியோடு அவனைப் புதைத்தார். 1985-இல்தான் தோண்டி எடுத்து, மகனின் எலும்புகளைக் குடும்பக் கல்லறைக்கும், வண்டியை அருங்காட்சியகத்திற்கும் தந்தார்.

இந்த வண்டிக்கு முன் நிற்பவருக்குச் செந்நிற விளக்கு எதற்கு?

ஆனால் புதிய தொழில்நுட்பம் அங்கே இல்லாமல் இல்லை. கிழக்குக் கட்டடத்தில் நகரத்தின் வட்ட மாதிரி ஒன்றின்மீது ஒளிப்படம் விழுகிறது. குண்டு இறங்குகிறது, வெடிக்கிறது, நகரம் கணத்தில் அழிகிறது. கட்டடங்கள் மறைவது தெரிகிறது, ஆனால் ஒரு மனிதர்கூடக் கண்ணில் படுவதில்லை. குண்டு வீசிய விமானத்தின் உயரத்தில் நம்மை நிறுத்துகிறது அது. என் பார்வையில், அங்கிருந்து முதன்மைக் கட்டடத்திற்குப் போய்ச் சீருடைகளைக் காணும்போதுதான் நாம் தரைக்கு இறங்குகிறோம்.

ஹிரோஷிமா பகுதியின் தொழிற்பள்ளி மாணவர்கள் மெய்நிகர் காட்சியில் செய்த முயற்சி எனக்கு இதைவிடப் பிடித்திருக்கிறது. முதியவர்களிடம் கேட்டுக்கேட்டு, குண்டு விழுவதற்கு முன் அங்கே இருந்த கடைகளையும் தெருக்களையும் அவர்கள் மீட்டுருவாக்கினார்கள். எதை இழந்தோம் என்பது அப்போதுதானே தெரியும்!

2019 நவம்பர் 24 அன்று அங்கே சென்ற திருத்தந்தை பிரான்சிஸ், தாம் உரையாற்றும் முன் உயிர்தப்பியோரின் சான்றுகளைக் கேட்டார். வருங்காலத் திருத்தந்தையருக்கு அந்த வாய்ப்பு இராது. இதை எண்ணித்தான் ஹிரோஷிமா நகராட்சி 2012 முதல், உயிர்தப்பியோரின் அனுபவத்தை அவர்களிடமே கேட்டுக் கற்று, அவர்களுக்குப்பின் எடுத்துச்சொல்லும் தன்னார்வலர்களைப் பயிற்றுவித்து வருகிறது. ஆண்டுதோறும் கற்க வருவோர் உண்டு. கற்பிக்க இருப்போர்தான் குறைந்துகொண்டே வருகிறார்கள்.