பெர்மனன்ட் வேலையா? ரெயில் ஏறும் முன் ஒப்பந்தத்தைப் பாருங்க!

தென்காசி, குற்றாலம் பகுதியில் ஐ.டி.ஐ. முடித்த வாலிபர்கள் பொதிகை எக்ஸ்பிரசில் ஏறி, சென்னை பக்கம் கார் உதிரிபாக கம்பெனிகளுக்கு போவது வழக்கம். செங்கல்பட்டு மாவட்டம் பையனூரில் டர்போசார்ஜர் தொழிற்சாலையே இருக்கிறது.

டர்போ அசெம்பிளி லேசுப்பட்ட வேலை அல்ல. நிமிடத்துக்கு 1 லட்சம் தடவைக்கு மேல் சுற்றும் பாகம் அது. தூசி புகுந்தாலோ, நட்டு முறுக்கு பிசகினாலோ போச்சு!

ஆனால் புதுசா சேருவோருக்கு பல இடங்களில் கிடைப்பது ‘அப்ரண்டிஸ்’ பெயர்தான். 1961-ம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டப்படி அவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல.

பயிற்சி முடிந்ததும் கம்பெனியில் பணியாற்ற வேண்டும் என்று ஒப்பந்தத்தில் நிபந்தனை இருந்தால், தகுந்த வேலை கொடுப்பது முதலாளியின் கடமை. “அப்புறம் பார்த்துக்கலாம்” என்ற ஏஜெண்டின் வாய் வார்த்தை செல்லாது.

எனவே பெட்டி கட்டும் முன் ஒப்பந்தத்தை வாங்கிப் படிப்பதே புத்திசாலித்தனம்.