ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடு

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குத் தாயகத்தில் பூட்டிய வீடொன்று உண்டு. விடுமுறைக்குக் கப்பலேறும் பிள்ளைகள் சாவியை வாங்கிக்கொண்டு தனியாகவே உள்ளே நுழைந்து பார்க்கிறார்கள். ஆசை நியாயமானது, தனியாகப் போவதுதான் கூடாது.

ஆளில்லாத கட்டடத்தின் கதியை அறிய, நம் எதிரிலுள்ள ராஸ் தீவைப் பாருங்கள் (2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு). 1941-இல் நிலநடுக்கம், 1942-இல் ஜப்பானியர் வருகை. அன்றைய ஆட்சியாளரின் கட்டடங்களை இன்று மரவேர்கள் ஆள்கின்றன.

ஊர் வீட்டில், ஒழுகும் நீர் சுவருக்குள் பதிந்த உத்தர முனையை உளுத்துப்போகச் செய்யும். கரையான் உள்ளே தின்றாலும் வெளியே மரம் முழுதாகத் தெரியும். மச்சில் கால் வைத்தபின் தெரிந்து பயனில்லை. விழுந்தவர் குரல் கேட்க ஆளும் இல்லை.

ஆகவே துணையோடு, பகலில் போகட்டும். மச்சில் ஏற வேண்டாம்.

ரயில்வேயில் பாலங்களை ஆண்டுதோறும் ஆய்வு செய்வது விதி. வீட்டுக்கும் அது வேண்டும். மழைக்குமுன் ஓடு மாற்றி, சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்க ஏற்பாடு செய்வோம். முடியாவிட்டால், ஒப்பந்தம் எழுதி ஒரு குடும்பத்தைக் குடிவைப்போம். விளக்கெரியும் வீட்டில் ஒழுக்கு அன்றே கண்ணில் படும். குடிவைத்தால் வீடு கைவிட்டுப் போகும் என்று அஞ்சுகிறோம். பூட்டி வைத்தால் மண்ணோடு போகும்.

– ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளர், ஜங்லிகாட்