இடம் இருந்தும் ஏன் வெளியே?



"தங்குமிடம் இருக்கத்தானே, ஏன் இந்தக் குளிரில் பூங்காவில் படுக்கிறார்கள்?" ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது நம்மிடையே அடிக்கடி எழும் கேள்வி இது. "போதை", "சோம்பல்" என்று பதிலும் உடனே வந்துவிடும். தாதியராக வேலை செய்யும் எங்களுக்கு அந்தப் பதில் போதாது.

முதலாவது, இடமே போதாது. 2023இல் ரொறன்ரோவில் தொலைபேசியில் கட்டில் கேட்டும் கிடைக்காதவர்கள் பல இரவுகளில் 200 பேருக்கும் மேல்.

இரண்டாவது, கிடைக்கும் இடம் எல்லோருக்கும் பொருந்துவதில்லை. பல தங்குமிடங்களில் கணவனும் மனைவியும் ஒன்றாக இருக்க முடியாது. நாயை விட்டுவிட்டு வரவேண்டும். ஓரிரு பைகளுக்கு மேல் கொண்டுபோக முடியாது. ஒரே மண்டபத்தில் பலர் படுக்கும்போது களவு, சண்டை, இருமல், மூட்டைப்பூச்சி எல்லாம் வரும். இன்சுலினும் சப்பாத்தும் களவுபோனால் நீரிழிவு நோயாளியின் கால் என்னவாகும் என்பது எங்களுக்குத் தெரியும். அடி உதைக்குத் தப்பி வந்த ஒரு பெண்ணுக்கு, அந்நியர் நடுவே கண்ணை மூடுவதே பயம்.

கூடாரம் பாதுகாப்பானது என்று நாங்கள் சொல்லவில்லை. குளிரில் விரல்கள் கருகும், கூடாரம் தீப்பற்றும். அவர்கள் இரண்டு ஆபத்துகளை நிறுத்துப் பார்த்தே ஒன்றைத் தெரிந்தெடுக்கிறார்கள். 2023 ஜனவரியில் வாட்டர்லூ வழக்கில் ஒன்ராறியோ நீதிமன்றமும், போதிய, பொருத்தமான இடம் இல்லாதபோது கூடாரங்களை அகற்றுவது சாசன உரிமையை மீறும் என்று தீர்ப்பளித்தது.

இதை விளங்கிக்கொள்ள நமக்குக் கடினமா? 2009இல் மெனிக் பாம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான நம் உறவுகள் அடைக்கப்பட்டிருந்தார்கள். "கூரையும் சோறும் கிடைக்கிறதே, பிறகேன் வெளியே வரத் துடிக்கிறார்கள்?" என்று நாம் கேட்கவில்லை. இங்கே முள்வேலி இல்லைத்தான். ஆனால் கூரை மட்டும் வீடாகாது என்பது நமக்குத் தெரிந்த உண்மை.

ஆகவே கதவைப் பூட்டிக்கொள்ளக்கூடிய சிறு அறைகள் வேண்டும். அவை கட்டப்படுவதற்கு அயலவரின் சம்மதமும் வேண்டும். யோர்க் பிராந்தியம் ஆண்களுக்கென அரோராவில் திட்டமிட்ட தங்குமிடத்துக்கான இடத்தை அந்த நகரசபை மறுத்தது. நாளை மார்க்கத்தில், நம் தெருவுக்கே அப்படியொரு திட்டம் வந்தால், எதிர்ப்பு மனுவோடு வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். நம் பெற்றோர் கையெழுத்திடுமுன் அவர்களோடு இருந்து பேசுங்கள்.

பர்திமேயு குருடன் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தும், அவனுக்கு என்ன வேண்டும் என்று ஆண்டவர் அவனிடமே கேட்டார். காலுறைகளும் சூடான சூப்பும் கொண்டுபோகும்போது நாமும் அதையே முதலில் கேட்போம்.