கையொப்பத்துக்கு முன் மூன்று நாள்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று நோக்கிச் செல்லும் பிரதான வீதியில் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே கிடக்கின்றன. பள்ளிவாசலும் கோயிலும் பாடசாலையும் நெல் ஆலையும் மாறி மாறி வரும் இவ்வீதியில் வாகன விற்பனை நிலையங்களும் லீசிங் நிறுவனங்களின் பெயர்ப் பலகைகளும் சேர்ந்து நெடுநாளாகிறது. 2020 மார்ச்சில் அரசு நிறுத்திய வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் பாவனைக்கான கார்களுக்கும் மீண்டும் திறந்துவிடப்பட்டது. ஐந்து வருடம் அடைபட்டிருந்த ஆசை இப்போது வெளியே வந்திருக்கிறது.

வாகன ஆசையை ஆடம்பரம் என்று ஒரே சொல்லில் கண்டிப்பது எளிது. அது நியாயமாகாது. முச்சக்கர வண்டி ஒரு குடும்பத்துக்கு வயலுக்குச் சமம். கடற்கரையில் வாங்கிய மீனை உள்ளூர்ச் சந்தைக்குக் கொண்டுபோக வியாபாரிக்குச் சிறிய லொறி வேண்டும். நோயாளியான தாயை வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்து நிற்பவனின் கஷ்டத்தை நாம் அறிவோம். கட்டாரிலும் சவூதியிலும் வெயிலில் உழைத்தவன் ஊர் திரும்பியதும் ஒரு கார் வாங்க விரும்பினால் அதில் பாவம் ஏதுமில்லை.

எனவே, வாகனம் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல எமது கேள்வி. வாங்கிய இரண்டாம் மாதமே பலரது வாயிலிருந்து "கொஞ்சம் பொறுத்திருக்கலாம்" என்ற வார்த்தை வருகிறதே, அந்த யோசனை ஏன் கையொப்பத்துக்கு முன் வரவில்லை? இதற்கு வாங்குபவரின் அவசரத்தை மாத்திரம் குறை கூறிவிட முடியாது. யோசிப்பதற்கு இடமில்லாதபடி அந்த வியாபாரமே ஒழுங்குசெய்யப்பட்டிருக்கிறது என்பதே எமது கருத்து.

ஒரு மேசை, மூன்று தரப்பு

முன்னர் வாகனம் வாங்க எண்ணுபவர் முதலில் வங்கிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ போய் விண்ணப்பம் கொடுப்பார். பதில் வர இரண்டு மூன்று வாரம் செல்லும். அந்தத் தாமதத்தில் மனைவியோடு பேசுவார். அனுபவப்பட்ட காக்கா ஒருவரிடம் கேட்பார். சில வேளை ஆசையே ஆறிவிடும். இன்றோ கடன் கொடுப்பவர் வாகனம் விற்கும் இடத்திலேயே வந்து அமர்ந்திருக்கிறார். "அடையாள அட்டையைத் தாங்க தம்பி, பின்னேரம் வண்டியோட வீட்ட போகலாம்" என்ற உபசாரத்தின் முன் யார்தான் யோசிப்பார்?

அந்த மேசையில் இருப்பவை மூன்று தரப்புகள்: விற்பவர், பணம் போடும் நிறுவனம், வாங்குபவர். கையொப்பம் விழுந்தபின் விற்பவருக்கு அவரது பணம் முழுதாகக் கிடைத்துவிடுகிறது. பின்பு வண்டியில் குறை கண்டோ மனம் மாறியோ திரும்பிப் போனால், "எங்கட கணக்கு முடிஞ்சு, கொம்பனியோட பேசுங்க" என்பார். கொம்பனிக்குப் போனால், "வண்டியைத் தெரிந்தெடுத்தது நீங்கள்தானே" என்பார்கள்.

இதற்குக் காரணம் லீசிங்கின் அமைப்பு. 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழ் நடப்பது குத்தகையே. நாம் காட்டும் வாகனத்தை நிறுவனம் வாங்கி, எமது பாவனைக்குத் தருகிறது. வாகனப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் நிறுவனத்தின் பெயரே இருக்கும். கடைசித் தவணை கட்டும்வரை "என்னுடைய கார்" என்பது பேச்சு வழக்கு மாத்திரமே. அதனை நிறுவனத்தைக் கேளாமல் விற்கவும் முடியாது.

பதினான்கு வீதமா, இருபத்துநான்கு வீதமா?

அடுத்தது கணக்கு. ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். வண்டியின் விலை 15 இலட்சம் ரூபா. முற்பணம் 5 இலட்சம். மிகுதி 10 இலட்சத்துக்கு நான்கு வருட லீசிங். "வருடத்துக்கு 14 வீதம்தான்" என்கிறார்கள். 10 இலட்சத்துக்கு 14 வீதப்படி நான்கு வருடத்துக்கு 5 இலட்சத்து 60 ஆயிரம். ஆக மொத்தம் 15 இலட்சத்து 60 ஆயிரத்தை 48 ஆல் பிரித்தால் மாதம் 32,500 ரூபா. கேட்பதற்கு நேர்மையான கணக்குப் போலவே தோன்றும்.

ஆனால், மாதா மாதம் முதல் குறைந்துகொண்டே போகிறது. வட்டியோ கடைசிவரை முழு 10 இலட்சத்துக்கும் அறவிடப்படுகிறது. குறைந்து செல்லும் மீதிக்கு மாத்திரம் வட்டி என்று கணக்கிட்டால், இதே 32,500 ரூபா ஏறக்குறைய 24 வீத வட்டியாகிறது. அதாவது மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபா. இதனால் முதல் மாதத் தவணையில் கிட்டத்தட்ட 20,000 ரூபா வட்டிக்கே போய்விடும். முதலில் கழிவது 12,500 ரூபா அளவில்தான். இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டி, 7 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா கொடுத்த பின்னரும் 6 இலட்சத்து 15 ஆயிரம் ரூபா அளவில் முதல் மிச்சமிருக்கும். "பாதிக் காலம் முடிந்தது, பாதிக் கடன் முடிந்தது" என்று எண்ணி, வண்டியைக் கொடுத்துவிட்டு விலகப் போகிறவர் அதிர்ச்சி அடைவது இங்கேதான். காப்புறுதி, டயர், திருத்த வேலை எதுவும் இக்கணக்கில் சேரவில்லை.

வட்டியை விலக்கி வாழ விரும்பும் முஸ்லிம் சகோதரர்களுக்காக முறாபஹா, இஜாறா என்ற முறைகளில் நிதி வழங்கும் ஏற்பாடுகள் எமது நாட்டில் இருக்கின்றன. அவற்றின் மார்க்கத் தீர்ப்பைக் கூறுவது உலமாக்களின் பணி. அதில் நாம் நுழையவில்லை. ஆயினும் முறாபஹாவின் அடிப்படையில் ஓர் அருமையான நிபந்தனை உண்டு. விற்பவர் தாம் வாங்கிய விலையையும் அதன்மேல் வைக்கும் இலாபத்தையும் வாங்குபவருக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இந்த வெளிப்படைத்தன்மையை எந்தப் பெயர்ப் பலகை கொண்ட நிறுவனத்திடமும் கேட்கும் உரிமை எமக்கு உண்டு.

மாதத் தவணையும் போக வருமானமும்

எமது கரையோர மக்களில் மாதச் சம்பளம் பெறுவோர் சிலரே. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று விவசாயிக்குப் பெரும்போக நெல் மாசி, பங்குனியில் வரும். சிறுபோக நெல் ஆடி, ஆவணியில் வரும். மீனவருக்குக் கார்த்திகை முதல் தை வரை வாடைக்காற்றும் கொந்தளிப்பும். மருதமுனை நெசவாளிக்குப் பெருநாட்களை ஒட்டியே நல்ல விற்பனை. ஆனால் தவணைப்பணமோ ஒவ்வொரு மாதமும் ஒரே திகதியில், ஒரே தொகையாக வந்து நிற்கிறது. கையில் காசில்லாத மாதங்களில் மனைவியின் நகை அடகுக்குப் போகிறது. அல்லது ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் பிறக்கிறது.

கடந்து வந்த வருடங்களையும் மறக்கலாகாது. 2020இல் கொவிட் தொற்றின்போது தவணைகளுக்குச் சலுகைக் காலம் கொடுக்கப்பட்டது. தவணைகள் பின்தள்ளப்பட்டனவே தவிர மன்னிக்கப்படவில்லை. 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்து, அடுத்த பெரும்போகத்தில் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. 2022இல் எரிபொருள் வரிசை. அவ்வருடம் கியூ.ஆர். முறை ஆரம்பித்தபோது முச்சக்கர வண்டிக்குக் கிடைத்தது வாரத்துக்கு 5 லீற்றர் பெற்றோல். ஐந்து லீற்றரில் ஓடி மாதத் தவணையை எப்படி உழைப்பது? நான்கு வருட ஒப்பந்தத்தில் ஒப்பமிடுகிறவர், அந்த நான்கு வருடத்துக்குள் இப்படி ஒரு வருடமாவது வரக்கூடும் என்பதை மனதில் வைத்தே ஒப்பமிட வேண்டும்.

திரிகையை எடுத்துச் செல்லாதே

தவணை தவறினால் வண்டி பறிபோகிறது. "சீஸ் பண்ணிட்டாங்க" என்ற சொல் இன்று எமது ஊர்களின் அன்றாடத் தமிழாகிவிட்டது. பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்கிவிட்டு வரும் தகப்பனை நடுத்தெருவில் மறித்துச் சாவியை வாங்குவதில் இழக்கப்படுவது வண்டி மட்டுமல்ல, ஊருக்குள் அவரது மானமும்தான். இவ்விடயம் உயிரையும் குடித்திருக்கிறது. 2020 ஜூனில் மிரிஹானவில், சாரதி ஒருவரின் லீசிங் பிணக்கைப் பேசித் தீர்க்கச் சென்ற முச்சக்கர வண்டிச் சாரதிகள் சங்கத் தலைவர் சுனில் ஜயவர்தன தாக்கப்பட்டு இறந்தார். நாடே அதிர்ந்தது, பிறகு மறந்துவிட்டது.

கடன் கொடுத்தவர் தமது பணத்தைக் கேட்பது நீதியே. ஆனால் கேட்கும் முறைக்கும் ஓர் எல்லை உண்டென எமது வேதங்கள் இரண்டுமே கற்பிக்கின்றன. ஏழையின் மாவரைக்கும் திரிகையை அடகாக எடுக்கக்கூடாது, ஏனெனில் அது அவனது உயிரையே அடகு எடுப்பதாகும் என்பது இணைச்சட்ட நூலின் போதனை. முச்சக்கர வண்டி இக்காலத்துத் திரிகையல்லாமல் வேறென்ன? கஷ்டத்தில் விழுந்த கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்குமாறு அல்குர்ஆன் கற்பிக்கிறது. அதே சூரா அல்பகராவின் 282ஆம் வசனம், அல்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம், கடன் எழுதும் முறையைப் பற்றியது. எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும், சாட்சிகள் இருக்க வேண்டும் என்பதோடு, வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன்படுபவரே என்றும் அது விதிக்கிறது. தமக்கு விளங்கிய மொழியில், தாமே சொல்லக்கூடிய அளவுக்கு விளங்கிய நிபந்தனைக்கே ஒருவர் கட்டுப்பட வேண்டும் என்ற பெரிய நீதி அதில் அடங்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் நெருக்கமாக அச்சடித்த பக்கங்களில், பெருக்கல் அடையாளம் போட்ட இடங்களில் மாத்திரம் ஒப்பமிடும் எமது வழக்கம் இதற்கு எவ்வளவு தூரம்!

நாம் செய்யக்கூடியது

வெளிநாடுகளில் மறுயோசனைக்குச் சட்டம் இடம் வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் விதிப்படி, கடன் ஒப்பந்தத்திலிருந்து 14 நாட்களுக்குள் விலகலாம். ஆனால் பெற்ற பணத்தைத் திருப்பிக் கட்டியாக வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் வீடு தேடி வந்து விற்கும் பொருட்களுக்கு மூன்று நாள் அவகாசம் 1970களிலிருந்தே உண்டு. ஆயினும் விற்பனை நிலையத்துக்குப் போய் வாங்கும் காருக்கு அது பொருந்தாது. ஆகவே, கையொப்பத்துக்குப் பின் வரும் யோசனையை எந்த நாட்டுச் சட்டமும் முழுதாகக் காப்பாற்றுவதில்லை. எமது நாட்டில் மத்திய வங்கி 2023இல் நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை வெளியிட்டது. முறைப்பாடு செய்ய மத்திய வங்கியில் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் இருக்கிறது. அநீதி நடந்தால் வாய்மூடி இராமல் எழுத்தில் முறையிடுவோம். ஆனால் அதற்கு முந்திய வேலை எமது கையிலேயே இருக்கிறது.

அந்த மூன்று நாளை நாமே ஊர் வழக்கமாக்கிக்கொள்ளலாம். ஒப்பந்தத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பிரதி தர மறுக்கும் இடத்தில் ஒப்பமிட வேண்டியதில்லை. மூன்று நாளுக்குள் ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: கடைசி நாள்வரை கட்டும் மொத்தத் தொகை எவ்வளவு? குறையும் மீதிக்குக் கணக்கிட்டால் வட்டி எத்தனை வீதம்? இரண்டாம் வருட முடிவில் விலகினால் கட்ட வேண்டியது எவ்வளவு? ஒரு மாதம் தவறினால் தண்டம் என்ன, எத்தனை மாதத்தில் வண்டி போகும்? அறுவடையை அனுசரித்துத் தவணையை மாற்றித் தருவார்களா?

விடைகளை மனைவியின் முன்னும் பிணையாளிகளின் முன்னும் உரத்து வாசியுங்கள். மச்சான் என்பதற்காகப் பிணைக்கு ஒப்பமிடுகிறவர், தவணை தவறினால் தாமும் கடனாளி என்பதையும், கடன் தகவல் பணியகத்தில் தமது பெயரும் கெடும் என்பதையும் அறிந்தே ஒப்பமிட வேண்டும். வாசித்து விளக்க உதவி தேவையென்றால், ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வங்கி உத்தியோகத்தர்களும் இல்லாமலில்லை. பள்ளிவாசல் நிருவாக சபை, கோயில் பரிபாலன சபை, பங்குச் சபை, விவசாய அமைப்பு, மீனவர் சங்கம் ஆகியன வாரத்தில் ஒரு மாலை அவர்களை அமர்த்தினால் போதும். இதற்குப் பெரிய திட்டமோ வெளிநாட்டு உதவியோ வேண்டியதில்லை. ஒரு மேசையும் கணக்குத் தெரிந்த இருவரும் வேண்டும்.

மூன்று நாள் கழித்தும் வண்டி அங்கேயே நிற்கும். அது விற்றுப்போயிருந்தால் வேறொன்று வரும். கணக்கைப் பார்த்தபின்னும் "இது எம்மால் முடியும்" என்று குடும்பம் ஒருமித்துச் சொன்னால், துணிந்து வாங்குங்கள்.